டென்வர் நகரத்துப் பீர்த் திருவிழா

மதுவின் பெயரைச் சொல்வதே மரியாதைக் குறைவு என்று கருதிய குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவனாகிய நான், அமெரிக்க தேசத்தின் கொலராடோ மாகாணத்துத் தலைநகராகிய டென்வரில், 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 20-ஆம் தேதி முதல் 22-ஆம் தேதி வரை நடைபெற்ற மகா அமெரிக்கப் பீர்த் திருவிழாவுக்குச் சென்று வந்த விருத்தாந்தத்தை எழுதப் புகும்போது, வாசகர்களில் சிலர் முகம் சுளிப்பார்கள் என்பதை அறியாமல் இல்லை. அவர்களுடைய மனச்சமாதானத்துக்காக ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தத் திருவிழாவில் ஒருவருக்கு ஒரு தடவை ஊற்றப்படும் அளவு ஒரே ஓர் அவுன்ஸ். அதாவது சுமார் 30 மில்லி லிட்டர். பெருமாள் கோயிலில் அர்ச்சகர் வார்க்கிற தீர்த்தத்தை நாலைந்து உத்தரணி சேர்த்து வாங்கிக்கொண்டால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான். மயங்கி விழ வேண்டுமென்று விரும்புகிறவன் அங்கே நெடுநேரம் வரிசையில் நின்று பிரயாசைப்பட வேண்டும்.

என்னை அங்கே அழைத்துச் சென்றவர், டென்வரை அடுத்துள்ள அரோராவில் பல வருஷங்களாகக் குடியிருக்கும் ஒரு நண்பர். சேலம் ஜில்லா சங்ககிரிப் பக்கத்துக்காரர். உத்தியோகத்தால் கணிப்பொறி எஞ்சினியர். ஓய்வு நேரங்களில் தம் வீட்டுக் கார் ஷெட்டில், எவர்சில்வர் அண்டாவும் வெப்பமானியும் குறிப்புப் புத்தகமுமாக உட்கார்ந்து பீர் காய்ச்சுகிறவர். காய்ச்சியதில் தாம் அருந்துவது சொற்பம். அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்து, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதிலேதான் அவருக்கு ஆனந்தம். திருவிழாவுக்கு வரும்படி அவர் அழைத்தபோது நான் தயங்கினேன். "அங்க போறது குடிக்கறதுக்கு இல்லைங்க, கேக்கறதுக்குங்க. காய்ச்சினவரே எதிர்ல நிப்பாரு. ஏன் இப்படிப் பண்ணினீங்க, எப்படிப் பண்ணினீங்கன்னு கேக்கலாம். அதுக்குத்தாங்க போறது" என்று அவர் சொன்னார். அந்த வார்த்தை என் தயக்கத்தைப் போக்கிற்று. அங்கே கண்டவற்றை எடை போடுவதற்கு எனக்கு ஒரு தராசாகவும் கடைசிவரை பயன்பட்டது.

டென்வர், கடல் மட்டத்துக்கு மேல் சரியாக ஒரு மைல், அதாவது 5,280 அடி உயரத்தில் அமைந்த நகரம். ஏற்காடு கிட்டத்தட்ட அதே உயரத்தில் இருப்பதைச் சொல்லி, "நம்ம ஊர் மலை உசரந்தாங்க" என்று நண்பர் பெருமைப்பட்டுக் கொள்வார். ஆனால் டென்வர், மலைமேல் ஏறி அடைகிற ஊரன்று. பரந்த சமவெளியே அந்த உயரத்தில் இருக்க, மேற்கே ராக்கி மலைத்தொடர் சுவர் எழுப்பி நிற்கிறது. காற்று வறண்டது, நாக்கு சீக்கிரம் உலர்ந்துவிடும். கடற்கரை நகரங்களிலிருந்து வருகிறவர்கள் முதல் நாள் படியேறினாலே மூச்சு வாங்குவார்கள். அவர்களுக்கு மதுவும் வழக்கத்தைவிட விரைவில் தலைக்கேறுவதாக ஊரார் எச்சரிக்கிறார்கள். திருவிழாவில் எங்கு பார்த்தாலும் குடிதண்ணீர்க் கூஜாக்கள் வைத்திருந்ததன் காரணம் எனக்கு அப்பொழுதுதான் விளங்கியது.

திருவிழா நடக்கும் கொலராடோ மகாநாட்டு மண்டபம் நகரின் நடுவே இருக்கிறது. அதன் வாயிலில், கட்டடத்தின் கண்ணாடிச் சுவரில் முகத்தையும் முன்னங்கால்களையும் பதித்து, உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கும் பாவனையில், 40 அடி உயரமுள்ள நீலக் கரடி ஒன்று நிற்கிறது. லாரன்ஸ் ஆர்ஜென்ட் என்னும் சிற்பி செய்து 2005-ல் நிறுவிய உருவம் அது. கூட்டம் கூடும் மண்டபத்துக்கு இதைவிடப் பொருத்தமான துவாரபாலகர் கிடைப்பது துர்லபம். மின்சார ரயில் அந்தக் கட்டடத்தின் அடியிலேயே வந்து நிற்கிறது என்பதால், நண்பர் காரை வீட்டிலேயே நிறுத்திவிட்டு வந்தார். காரோட்டிச் செல்லப் பொறுப்பேற்று மது அருந்தாமலே இருக்க வருகிறவர்களுக்குக் குறைந்த விலையில் தனிச் சீட்டும், உள்ளே சோடா முதலிய பானங்களும் உண்டு. இந்த ஏற்பாட்டை நம்மவர் அவசியம் கவனிக்க வேண்டும்.

வாயிலில் 21 வயது நிரம்பியதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். என் நரைத்த தலையைப் பார்த்த பிறகும் அந்த இளைஞர் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, மணிக்கட்டில் காகிதப் பட்டை கட்டி, கையில் சிறிய பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றைக் கொடுத்து உள்ளே அனுப்பினார். அந்த வாயிலைக் கடந்ததும் நான் கண்ட காட்சியை வர்ணிப்பது எளிதன்று. மண்டபத்தின் காட்சிக் கூடப் பரப்பு 584,000 சதுர அடி. அதில் தெருத்தெருவாக மேஜைகள். ஒவ்வொரு மேஜைக்குப் பின்னும் ஓர் ஆலையின் பெயர்ப்பலகை. அந்த ஆண்டு சுமார் 800 ஆலைகளிலிருந்து 4,000 வகைப் பீர்கள் வந்திருந்தன. மூன்று நாட்களில் நான்கு அமர்வுகளாக 62,000 பேர் வந்து போனார்கள் என்று பின்னர் அறிவித்தார்கள். 4,000 வகையிலும் ஒவ்வோர் அவுன்ஸ் எடுத்துக்கொண்டாலும் ஏறக்குறைய 118 லிட்டர் ஆகிறது; ஆகவே எதை விடுவது என்பதே அங்கே முதல் பிரச்னை. வந்தவர்களில் பலர், பிரெட்ஸெல் என்னும் உப்பு முறுக்கைக் கயிற்றில் கோத்து மாலையாக அணிந்து, நடந்துகொண்டே ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்றார்கள். நாக்கின் முந்தைய ருசி நீங்கி அடுத்ததற்குத் தயாராவதற்கு அது நல்ல உபாயம். யாராவது ஒருவர் கை தவறிக் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டால், அருகில் இருப்பவர்கள் ஓவென்று கூவ, அந்தக் கூவலை அடுத்த வரிசை வாங்கிக்கொள்ள, மண்டபத்தின் மறுகோடிவரை அது உருண்டு சென்று அடங்கும். காரணம் தெரியாத கடைசி வரிசைக்காரர்தாம் எல்லோரிலும் உரக்கக் கூவினார்.

இப்படி ஒரு கூட்டம் அமெரிக்காவில் கூடுவது, ஐம்பது வருஷங்களுக்கு முன் நினைத்தும் பார்த்திருக்க முடியாத காரியம். 1873-ஆம் ஆண்டில் அத்தேசத்தில் 4,000-க்கு மேற்பட்ட பீர் ஆலைகள் இருந்தன; ஜெர்மானியரும் பிறரும் குடியேறிய ஊர்களிலெல்லாம் தத்தம் தாய்நாட்டு முறையில் காய்ச்சி, அந்தந்த வட்டாரத்திலேயே விற்றார்கள். பிறகு ரயிலும் குளிர்சாதனமும் பெரிய ஆலைகளின் கையை நீளச் செய்தன. 1920 முதல் 1933 வரை தேசம் முழுவதும் அமலிலிருந்த மதுவிலக்கு, எஞ்சிய சிறியவர்களின் கதையை முடித்தது. கொலராடோ மாகாணமோ தேசத்துக்கு முன்பே, 1916-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்தே, மதுவிலக்கை மேற்கொண்டுவிட்டது. டென்வருக்கு அருகே கோல்டன் என்னும் ஊரில் 1873-ல் அடால்ப் கூர்ஸ் நிறுவிய ஆலை, மால்ட் என்னும் முளைகட்டி உலர்த்திய தானியம் கலந்த பால் பொடியும் பீங்கான் சாமான்களும் செய்து விற்று அந்த வருஷங்களைத் தாண்டியது. அத்தகைய முதலும் சாமர்த்தியமும் இல்லாதவர்கள் கதவைச் சாத்தினார்கள். மதுவிலக்கு நீங்கிய பிறகு, வீட்டில் சொந்த உபயோகத்துக்குத் திராட்சை மது செய்துகொள்ள அனுமதித்த சட்டம், வீட்டில் பீர் காய்ச்சுவதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டது. அந்த மௌனம் 1978-ல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட மசோதாவால்தான் நீங்கிற்று. அதற்குள் தேசத்தில் மிஞ்சியிருந்த பீர் கம்பெனிகள் 100-க்கும் குறைவு; அவை செய்ததெல்லாம் வெளிறிய, குளிரக் குளிரக் குடித்தால் அன்றி ருசி இன்னதென்று தெரியாத ஒரே மாதிரிச் சரக்கு.

நம் சென்னை மாகாணத்தில் ராஜாஜி முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது 1937-ல். அமெரிக்கா தன்னுடையதைக் கைவிட்டு நான்கு வருஷம் ஆனபின். நண்பரின் பாட்டனார் அந்தக் காலத்தில் கதர் கட்டி, கள்ளுக்கடைகள் மூடப்பட்டதைக் கொண்டாடி ஊருக்கு விருந்து வைத்தவராம். "தாத்தா இருந்திருந்தா என் அண்டாவையெல்லாம் கிணத்துல போட்டிருப்பாருங்க" என்று சொல்லி நண்பர் சிரித்தார். மதுவிலக்கின் நியாய அநியாயத்தை விசாரிப்பது இக்கட்டுரையின் உத்தேசமன்று. கள்ளுக்கடை வாசலில் அழுத பெண்களை அந்தப் பாட்டனார் கண்டிருக்கிறார், நான் கண்டதில்லை. ஆனால் குடிப்பவனைத் திருத்த வந்த ஒரு சட்டம், காய்ச்சுகிற கைத்தொழிலைத்தான் முதலில் அழித்தது என்பதும், சட்டம் போன பிறகும் அந்தக் கைத்தொழில் அரை நூற்றாண்டுக்குத் திரும்பவில்லை என்பதும் அமெரிக்க சரித்திரம் காட்டுகிற உண்மை.

அதைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் முதலாளிகள் அல்லர், சமையலறைக்காரர்கள். அவர்களில் தலையாயவர் சார்லி பப்பேசியன். வர்ஜீனியா சர்வகலாசாலையில் அணுசக்தி எஞ்சினியரிங் படித்துப் பட்டம் பெற்று, அதைச் சட்டை செய்யாமல் கொலராடோவில் போல்டர் என்னும் ஊருக்கு வந்து, சிறு குழந்தைகளுக்கு வாத்தியாராக இருந்துகொண்டே, மாலை வேளைகளில் பெரியவர்களுக்குப் பீர் காய்ச்சக் கற்றுக்கொடுத்தவர். 1978-ல் வீட்டில் காய்ச்சுவோருக்காக ஒரு சங்கத்தை நிறுவினார். இங்கிலாந்தில் நடந்த பிரிட்டிஷ் பீர்த் திருவிழாவைப் பார்த்துவிட்டு, இதைப் போல அமெரிக்காவிலும் நடத்தலாமா என்று மைக்கேல் ஜாக்ஸன் என்ற பிரசித்தி பெற்ற ஆங்கிலேயப் பீர் விமரிசகரிடம் கேட்டாராம். (இவர் பாடகர் அல்லர், யார்க்ஷயர்க்காரர்.) நல்ல யோசனைதான், ஆனால் பீருக்கு எங்கே போவீர்கள் என்று அவர் பரிகாசமாகத் திருப்பிக் கேட்டதாகச் சொல்கிறார்கள். அதன் பின்னர் 1982-ல் போல்டரில் ஒரு ஹோட்டலில் முதல் திருவிழா நடந்தபோது, 20-க்குச் சற்று மேற்பட்ட ஆலைகளும் 800 பேர் அளவிலான ஜனங்களும் வந்தார்கள். நான் சென்ற வருஷத்திலோ, அமெரிக்காவிலிருந்த ஆலைகள் 7,000-ஐத் தாண்டிவிட்டன. பப்பேசியன் பல்லாண்டுகள் துழாவிய நீண்ட மரக்கரண்டியை, வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்தைச் சேர்ந்த தேசிய சரித்திரக் காட்சிச்சாலை தன் சேகரிப்பில் வாங்கி வைத்திருக்கிறது. அகப்பைக்கு இப்படியொரு யோகம் வேறெங்கும் வாய்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மண்டபத்துக்குத் திரும்புவோம். 3,000-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் அங்கே ஊதியமின்றி வேலை செய்தார்கள். பெரும்பாலான மேஜைகளில் ஊற்றியவர்கள் அவர்களே. என் கிண்ணத்தை முதன்முதலில் நிரப்பியவர் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையார். மலர்ந்த முகம், ஜாடியை ஒரு சொட்டும் சிந்தாமல் கோட்டளவில் நிறுத்தும் தேர்ந்த கை. இந்தப் பீரில் புகை மணம் வருகிறதே, பார்லியை விறகுப் புகையில் உலர்த்தினார்களா என்று நண்பர் கேட்டார். அம்மையார் மேஜைமேல் இருந்த அட்டையைத் தாமும் ஒரு தடவை படித்துப் பார்த்து, அதில் அவ்விதம் எழுதவில்லையே என்று வருத்தத்துடன் சொன்னார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது, நாங்கள் நகர்ந்தோம். அடுத்த மேஜையிலும் அட்டை, அதற்கடுத்ததிலும் அட்டை. அந்த முதல் மணி நேரத்தில் நான் குடித்தவற்றில் ஒன்றுகூட இன்று ஞாபகத்தில் இல்லை என்றால், குறை பீரில் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

காய்ச்சியவர்களே நின்று ஊற்றும் பகுதி ஒன்று தனியாக ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே போன பிறகுதான் திருவிழா எனக்குத் தொடங்கிற்று. தாடி வளர்த்த ஒரு வாலிபர், தம் ஆலையில் நான்கே பேர் என்றும், பார்லியை அடுத்த பண்ணைக்காரரிடம் வாங்குவதாகவும், சென்ற வருஷம் மழை தப்பியதால் தானியம் சிறுத்துப் புரதம் மிகுந்து பீர் கலங்கிப் போயிற்று என்றும், அதற்காக ஊறவைக்கும் சூட்டை மாற்றிப் பார்த்த கதையையும், தம் வீட்டு விவகாரம் சொல்கிற சகஜ பாவத்தோடு விவரித்தார். தண்ணீரில் ஜிப்ஸம் சேர்த்தால் ஹாப்ஸ் பூவின் கசப்பு கூர்மையாகத் தெரியும், குளோரைடு உப்பு மிகுந்தால் மால்டின் இனிமை முன்னே வரும் என்று சொல்லி, ஒரே பீரை இரண்டு விதத் தண்ணீரில் காய்ச்சியவற்றை அடுத்தடுத்து ஊற்றிக் கொடுத்தார். வித்தியாசம் என் பழகாத நாக்குக்கே தெரிந்தது. கசப்புச் சுவையைப் பாகற்காய், சுண்டைவற்றல், வேப்பம்பூ என்று தனித்தனியே பாகுபடுத்தி ரஸிக்கிற நமக்கு, ஹாப்ஸின் கசப்பு அப்படி அந்நியமானதும் அன்று. நண்பர் ஷெட்டில் செய்த ஏதோ பரிசோதனையைப் பற்றி அவரிடம் சொல்ல, வாலிபர் தம் பாக்கெட்டிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். ஆலை நடத்துகிறவர் வீட்டில் காய்ச்சுகிறவரிடம் பாடம் கேட்டு எழுதிக்கொள்வதற்கு அந்த ஊரில் யாரும் கூசுவதில்லை. வீட்டுக்காரரின் செய்முறையை ஓர் ஆலை பெரிய அளவில் காய்ச்சி, இருவரும் கூட்டாகப் போட்டியிடுகிற தனிப் பரிசே 2006 முதல் அந்தத் திருவிழாவில் வழங்கப்பட்டு வந்தது.

மண்டபத்துக்கு வெளியே, அந்த வாரம் முழுவதும் நகரமே வேறு பல சிறு விழாக்களில் ஈடுபட்டிருக்கிறது. வழக்கமான நாட்களில் மாலையில்தான் கூட்டம் சேரும் மதுசாலைகளில் பகல் முதலே விசேஷப் பீப்பாய்கள் திறக்கப்படும். வேறு மாகாணத்து ஆலைகள் வந்து ஒரு மதுசாலையின் குழாய்களையெல்லாம் ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்ளும். எளிதில் கிடைக்காத பீர்களை ருசிபார்க்கும் கூட்டமொன்றை, ஆண்களைப் பீடிக்கும் புராஸ்டேட் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கையைப் பரப்புவதற்காக, அந்த நோயிலிருந்து பிழைத்த ரிக் லைக் என்பவர் தொடங்கிய தர்ம ஸ்தாபனம் அப்பொழுது வருஷந்தோறும் நடத்திவந்தது.

யூனியன் ஸ்டேஷன் என்னும் பழைய ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் வின்கூப் ஆலைக்கு நண்பர் என்னை அழைத்துச் சென்றார். பூமியின் அடியில் எண்ணெய் தேடும் துறையில் புவியியல் நிபுணராக இருந்து வேலை போன ஜான் ஹிக்கன்லூப்பர் என்பவர், சில கூட்டாளிகளோடு 1988-ல், ஆள் நடமாட்டம் குன்றிக் கிடந்த அந்தக் கிடங்குப் பகுதியில், பழைய மண்டிக் கட்டடம் ஒன்றில் தொடங்கிய சாப்பாட்டு விடுதியோடு கூடிய ஆலை அது. அவர் பிற்பாடு நகரத்தின் மேயராகி, நான் சென்ற ஆண்டில் மாகாணத்தின் கவர்னராகவே இருந்தார். பீர் விற்றவர் கவர்னரானதில் அந்த ஊராருக்கு வியப்பு ஒன்றும் காணப்படவில்லை. அங்கே மிளகாய் போட்டுக் காய்ச்சிய பீர் கிடைத்தது. காரம் தொண்டையில் இறங்கிய பிறகு மெல்லத் தலைகாட்டி, மிளகாயின் பச்சை மணம் மட்டும் வாயில் தங்கி நின்றது. அங்கே இன்னொன்றும் உண்டு. காளையின் விதையை வறுத்துப் போட்டு ஸ்டௌட் என்னும் கறுப்புப் பீர் காய்ச்சியிருப்பதாக, 2012-ல் ஏப்ரல் முட்டாள் தினத்தில் வேடிக்கைக்காக ஒரு படம் எடுத்து வெளியிட்டார்களாம். ஜனங்கள் அது எங்கே கிடைக்கும் என்று கேட்டு வரத் தொடங்கவே, வேறு வழியின்றி நிஜமாகவே காய்ச்சினார்கள். நண்பர் அதை ஒரு வாய் பார்த்தார். நான் சைவன் என்ற கேடயத்தின் பின் ஒதுங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் பரிசளிப்பு. இதற்குப் பெயர்பெற்ற நிபுணர்கள் ஏறத்தாழ 300 பேர், எந்த ஆலையின் சரக்கு என்று தெரியாமல், எண் மட்டும் எழுதிய கிண்ணங்களை முகர்ந்தும் சுவைத்தும், பல நாட்கள் அமர்ந்து நிர்ணயிக்கிறார்கள். அந்த ஆண்டு 8,000-க்கு மேற்பட்ட பீர்கள் நூற்றுச் சொச்சம் பிரிவுகளில் போட்டியிட்டன. தகுதியுள்ளது இல்லையென்று கண்டால் தங்கப் பதக்கத்தைக் கொடுக்காமலே நிறுத்திவைக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கலங்கலாகவும் பழச்சாற்று மணத்தோடும் இருக்கிற ஒரு வகை ஐ.பி.ஏ.வுக்கு (ஹாப்ஸ் தூக்கலாகப் போட்ட பீர் அது) அந்த வருஷந்தான் முதன்முதலாகத் தனிப் பிரிவு வகுத்தார்கள். வகுத்த உடனேயே 391 பீர்கள் வந்து, மற்றெல்லாப் பிரிவுகளையும் மிஞ்சிவிட்டன. நண்பருக்கு அந்த வகையில் அபிமானம் இல்லை. "தெளிய விடறதுக்குப் பொறுமை இல்லாதவங்க கண்டுபிடிச்சதுங்க" என்று அலட்சியமாகச் சொன்னார். எனக்கோ, உண்மையைச் சொன்னால், அது பிடித்திருந்தது.

ஒவ்வொரு பிரிவிலும் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற வரிசையில் பெயர் வாசிக்க, ஆலைக்காரர்கள் கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து ஓடி வருகிறார்கள். சிலர் அழுகிறார்கள், சிலர் தங்கள் கூட்டாளியைத் தூக்கிக்கொண்டே மேடையேறுகிறார்கள். மேடையில் ஒவ்வொருவருடைய முஷ்டியிலும் தம் முஷ்டியை இலேசாக இடித்து வாழ்த்தியவர் பப்பேசியன். எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்த அவர், அடுத்த ஜனவரியில் தம் பொறுப்பிலிருந்து விலகப்போவதாக ஏற்கெனவே அறிவித்திருந்தார். அது எல்லோருக்கும் தெரியும். பதக்கத்தைக் கையில் வாங்கிக்கொண்டு முதலில் அதைப் பார்த்தவர்களைவிட, முதலில் அவர் முகத்தைப் பார்த்தவர்களே அதிகம். அந்தச் சபையில் இருந்தவர்களில் பலர், வீட்டில் பீர் காய்ச்சுவது பற்றி அவர் எழுதிய புத்தகத்தைச் சமையலறையில் பிரித்து வைத்துக்கொண்டு தொழிலைக் கற்றவர்கள்.

அன்றிரவு மண்டபத்தின் கடைசி அமர்வைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சனிக்கிழமை இரவுக் கூட்டத்தில் வேஷம் கட்டி வந்தவர்கள் அதிகம், கேட்பவர்கள் குறைவு. கிண்ணத்தை நீட்டி, வாயில் ஊற்றி, அடுத்த மேஜைக்குப் போகிறார்கள். பிரசித்தமான சில ஆலைகளின் மேஜைக்கு முன் நின்ற வரிசையில் ஓர் அவுன்ஸுக்காக அரை மணி காத்தவர்கள், அதைக் குடித்து முடிப்பதற்கு முன்பே போட்டோ எடுத்து முடித்தார்கள். நாங்கள் பாதியில் வெளியேறி, பேஸ்பால் மைதானத்துக்கு அருகே பிளேக் தெருவில் ஃபாலிங் ராக் என்னும் மதுசாலைக்குப் போனோம். 1997-ல் சகோதரர்கள் மூவர் திறந்த அந்தக் கடை, திருவிழா வாரத்தில் தேசத்து ஆலைக்காரர்களெல்லாம் வேலை முடிந்து வந்து கூடுகிற இடமென்று பெயர் பெற்றது. சுவரெல்லாம் பீர்ப் புட்டிகளும் குழாய்ப் பிடிகளும், உட்கார இடமில்லை, முற்றத்தில் நின்றோம். பகலில் ஆயிரம் பேருக்குத் தங்கள் சரக்கின் மணத்தை வர்ணித்து ஓய்ந்தவர்கள் அங்கே என்ன பேசுகிறார்கள் என்று ஆவலோடு காது கொடுத்தேன். சாக்கடை அடைத்துக்கொண்டதைப் பற்றிப் பேசினார்கள். பம்ப்புக்கு வாஷர் கிடைக்காததைப் பற்றிப் பேசினார்கள். தரை கழுவுகிற ரப்பர்ப் பூட்ஸில் எந்தக் கம்பெனியுடையது நெடுநாள் உழைக்கும் என்பதைப் பற்றி இருவர் கால் மணி நேரம் வாதாடினார்கள். பீர் காய்ச்சுகிறவன் வேலையில் முக்கால் பங்கு கழுவுவதுதான் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அன்று காலை மேடையேறிய ஒருவர் தம் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டே, முன்பின் தெரியாத ஒரு கிராமத்து ஆலைக்காரருக்குக் குழாய்களைக் காரம் போட்டுக் கழுவும் முறையைக் காகிதக் கைக்குட்டையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். நான் டென்வரில் கழித்த மணி நேரங்களில் மிகச் சிறந்தது அதுவே.

திருவிழா முடிந்த பிறகு, வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஃபோர்ட் காலின்ஸ் நகருக்குப் போனோம். மேற்கே மலைச் சரிவுகளில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. அங்குள்ள நியூ பெல்ஜியம் ஆலை, பெல்ஜியம் தேசத்தைச் சைக்கிளில் சுற்றி வந்த எலெக்ட்ரிகல் எஞ்சினியர் ஜெஃப் லெபெஷும், சமூக சேவையில் உத்தியோகம் பார்த்த கிம் ஜார்டனும், 1991-ல் தங்கள் வீட்டு நிலவறையில் தொடங்கியது. பழைய திராட்சை மது ஆலைகளிலிருந்து வாங்கிய, இரண்டு ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட ஓக் மரப் பீப்பாய்கள் அங்கே காடாக நின்றன. அவற்றில் புளிப்புப் பீர் வருஷக்கணக்கில் ஊறுகிறது. எங்களைச் சுற்றிக் காட்டிய பெண், தாமும் அந்த ஆலையில் ஒரு பங்குதாரர் என்றார். அப்பொழுது அந்த ஆலை முழுவதும் தொழிலாளருக்கே சொந்தம்; ஒரு வருஷம் வேலை பார்த்தவருக்குச் சைக்கிள் ஒன்று பரிசளிப்பது அங்கே வழக்கம். ஆனால் அடுத்த ஆண்டே, ஜப்பானிய கிரின் கம்பெனியைச் சேர்ந்த ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று அந்த ஆலையை விலைக்கு வாங்கியது. தொழிலாளர்களே வாக்களித்து அதற்குச் சம்மதித்தார்கள். அவர்கள் கையில் வந்த பணம் அவர்கள் உழைத்துச் சேர்த்ததுதான். அதில் குறை சொல்ல எனக்கு என்ன பாத்தியதை? எனினும் அந்தச் செய்தியைப் படித்த தினத்தில் நண்பர் டெலிபோனில் வெகுநேரம் பேசவில்லை.

ஃபாலிங் ராக்கும் 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மூடப்பட்டுவிட்டது. கோவிட் நோய் காரணமாக 2020-ல் திருவிழா கம்ப்யூட்டர்த் திரையில் மட்டும் நடந்தது. மறு வருஷம் மண்டபத்துக்குத் திரும்பியது.

இலையுதிர் காலத்தில் டென்வர் பக்கம் போக நேரும் வாசகர்களுக்கு, மது அருந்தும் வழக்கம் உடையவர்களாயினும் இல்லாதவர்களாயினும், என் அபிப்பிராயம் இது: வியாழக்கிழமை மாலை அமர்வுக்குப் போங்கள், நான் கண்ட சனிக்கிழமை இரவைப் போன்ற அமர்வுக்கு யாராவது இனாமாகச் சீட்டுக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ஒரு கிண்ணம் பீருக்கு இரண்டு கிண்ணம் தண்ணீர் என்ற கணக்கில் குடியுங்கள். மேஜைக்கு அப்பால் நிற்கிறவரிடம், இதைக் காய்ச்சியவர் நீங்கள்தானா என்று முதலில் கேட்டுவிட்டு, ஆம் என்று சொன்னால் மட்டும் கிண்ணத்தை நீட்டுங்கள்.